ஒவ்வொரு ஆல்பத்திலும் எதையாவது கைவிடும் குழு

நார்வேயின் ஜாகா ஜாஸிஸ்ட் குழுவின் இரண்டு ஆல்பங்களைப் பெயர் சொல்லாமல் ஒருவருக்குப் போட்டுக் காட்டினால், இரண்டும் ஒரே குழுவுடையவை என்று அவர் நம்புவது கஷ்டம். 2002இல் வந்த 'தி ஸ்டிக்ஸ்' ஆல்பத்தில் கணினியில் வெட்டி ஒட்டிய தாளங்கள், பொரிவது போன்ற எலக்ட்ரானிக் சத்தங்கள், அதற்கு நடுவே எங்கிருந்தோ வந்து உட்காரும் ட்ரம்பெட். மூன்றே வருடம் கழித்து, 2005இல் வந்த 'வாட் வீ மஸ்ட்' ஆல்பத்தில் கிதார்கள் சுவர் மாதிரி எழுந்து நிற்கின்றன, டிரம்ஸ் முழு வேகத்தில் அடிக்கிறது, கணினி இருந்த சுவடே பெரும்பாலும் தெரியவில்லை. நான் முதலில் கேட்டது இரண்டாவதைத்தான். பிறகு முதலாவதைத் தேடிப்போய்க் கேட்டபோது தவறான கோப்பைத் திறந்துவிட்டேனோ என்று பெயரைச் சரிபார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

இந்தக் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு பட்டியல் போடுவார்கள்: ஜாஸ், எலக்ட்ரானிக், போஸ்ட்-ராக், புரோக்ரஸிவ் ராக், ஆஃப்ரோபீட். எல்லாம் சரிதான், ஆனால் அந்தப் பட்டியல் எதையும் விளக்குவதில்லை. ஒரு குழு பல வகை இசையைச் 'சேர்த்துக்கொண்டே' போகிறது என்ற படத்தைத்தான் அது தருகிறது. எனக்குத் தோன்றுவது நேர்மாறானது. ஜாகா ஜாஸிஸ்ட் வளர்ந்தது சேர்த்ததால் இல்லை, ஒவ்வொரு முறையும் தனக்கு நன்றாகக் கைவந்த ஒன்றைக் கீழே வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்ததால். அது ஏன் அவர்களுக்குச் சாத்தியமானது என்பதைப் பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

குழு தொடங்கியது 1994இல், டன்ஸ்பெர்க் என்ற ஊரில். ஓஸ்லோவுக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டர், ஃபியோர்டு என்னும் நீண்டு உள்ளே வரும் கடற்கழியின் மேற்குக் கரையில் உள்ள சிறிய துறைமுக நகரம், நார்வேயின் மிகப் பழைய ஊர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர். மையத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர்: மார்ட்டின் ஹோர்ன்ட்வெத் டிரம்ஸ், லைன் ஹோர்ன்ட்வெத் டூபா (மிகத் தாழ்ந்த ஒலி தரும் பெரிய பித்தளை ஊதுவாத்தியம்), லார்ஸ் ஹோர்ன்ட்வெத் சாக்ஸஃபோன், பாஸ் கிளாரினெட், கிதார், கீபோர்டு என்று கையில் கிடைத்ததெல்லாம். பெரும்பாலான இசையை எழுதுகிறவர் லார்ஸ். குழு தொடங்கியபோது அவருக்கு வயது 14. பதினான்கு வயதுப் பையன் எழுதுவதைச் சுற்றியிருக்கும் எட்டுப் பத்துப் பேர் மதித்து வாசித்தார்கள் என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

அதே 1994இல்தான் 'போஸ்ட்-ராக்' என்ற சொல்லும் புழக்கத்துக்கு வந்தது. சைமன் ரெனால்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் விமர்சகர் அந்த வருடம் அதைப் பயன்படுத்தி எழுதினார். ராக் இசையின் கருவிகளை ராக் அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்துவது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். கிதாரை ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு துணுக்கு, அடிக்க வைக்காமல் வண்ணம் பூச வைப்பது, பாடகரை மையத்திலிருந்து எடுத்துவிடுவது, ஸ்டூடியோவையே ஒரு கருவியாகப் பார்ப்பது. இது மிக விரிவான அர்த்தம். ஆனால் அடுத்த பத்து வருடத்தில் சொல் சுருங்கிப்போனது. ஸ்காட்லாந்தின் மொக்வாய், டெக்சாஸின் எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை போன்ற குழுக்கள் பெரிதாகப் பேசப்பட்ட பிறகு, போஸ்ட்-ராக் என்றாலே அமைதியாக ஆரம்பித்து, மெல்ல ஏறி, உச்சத்தில் வெடிக்கும் நீண்ட கிதார் இசை என்று ஆகிவிட்டது. அந்த இசையில் எனக்கும் ஈடுபாடு உண்டு. ஆனாலும் பழைய அர்த்தத்தைத் தொலைத்துவிட்டால் ஜாகா ஜாஸிஸ்ட்டை எங்கே வைப்பது என்றே தெரியாது. இவர்கள் சிகாகோவின் டார்ட்டாய்ஸ் குழு போட்ட பாதைக்குச் சொந்தக்காரர்கள்: உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோன், ஜாஸ், டப் என்ற எதிரொலி நிறைந்த ஜமைக்கா இசை, திரும்பத் திரும்ப வரும் சின்னச் சின்ன வடிவங்கள், பாட்டு வரிகளே இல்லாத இசை. இந்த உறவு பின்னால் நேரடியாகவே வெளிப்படும், அதை அங்கே சொல்கிறேன்.

நார்வேயில் இது ஏன் நடந்தது என்று கேட்டால், முதலில் பள்ளி வாத்தியக் குழுக்களைச் சொல்ல வேண்டும். அங்கே அதற்கு 'கோர்ப்ஸ்' என்று பெயர். மே 17, அவர்களுடைய அரசியல் சாசன நாள் அன்று, ஊர் ஊராகப் பிள்ளைகள் சீருடையில் ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் டூபாவும் வாசித்துக்கொண்டு தெருவில் அணிவகுத்துப் போவார்கள். அதனால் பித்தளை வாத்தியம் அங்கே கச்சேரி அரங்குக்குள் மட்டும் இருக்கும் பொருளில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை மாடியில் பழகும் பொருள். அப்புறம் 1997இலிருந்து ஒவ்வொரு நகராட்சியும் பிள்ளைகளுக்கு இசை, கலைப் பள்ளி நடத்த வேண்டும் என்பது சட்டம். இந்தப் பின்னணியில் ஒரு குழுவில் டூபா இருப்பது விசித்திரமாகத் தோன்றாது. நமக்குத்தான் ஆச்சரியம்.

இன்னொன்று காலம். 1990களின் நடுவில் நார்வே ஜாஸ் ஒரு திருப்பத்தில் இருந்தது. சாக்ஸஃபோன் கலைஞர் யான் கார்பாரெக் காலத்திலிருந்து வந்த அகன்ற, குளிர்ந்த ஒலி ஒரு பக்கம். மறுபக்கம் புகே வெசெல்தாஃப்ட்டும் நில்ஸ் பெட்டர் மோல்வேரும் நடனக்கூட எலக்ட்ரானிக் தாளங்களை ஜாஸுக்குள் கொண்டுவந்தார்கள். மோல்வேரின் 'க்மேர்' ஆல்பம் 1997இல் வந்தது. ரூன கிராமஃபோன், ஸ்மால்டவுன் சூப்பர்சவுண்ட் மாதிரி சிறிய இசை நிறுவனங்கள் எந்த வகை என்று கேட்காமலே பதிவுகளை வெளியிட்டன. இளைஞர்கள் பலர் இசைக் கல்லூரியில் ஜாஸ் படித்தார்கள், மாலையில் ராக் குழுவில் வாசித்தார்கள், இரவில் எலக்ட்ரானிக் இசை கேட்டார்கள், ஊர் சிறியதானதால் மூன்று இடத்திலும் அதே ஆட்கள்தான் இருந்தார்கள். வகைகளுக்கு நடுவே மதில் கட்டுவதற்கு அங்கே போதுமான மக்கள்தொகையே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

1996இல் அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தது, 1998இல் 'மேகசின்' என்ற சிறிய பதிவு. இவற்றை ஆர்வமுள்ளவர்கள் தேடிக் கேட்கலாம். உண்மையான தொடக்கம் 2001இன் 'எ லிவிங்ரூம் ஹஷ்'. பெர்கன் நகரத்தைச் சேர்ந்த யோர்கன் ட்ரேன் தயாரிப்பாளர். முதலில் நார்வேயில் வெளிவந்தது, அடுத்த வருடம் லண்டனின் நிஞ்சா ட்யூன் நிறுவனம் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இதிலுள்ள 'அனிமல் சின்' ட்ராக்கை ஒரு தடவை கேட்டால் குழுவின் முறை புரிந்துவிடும். கீழே டிரம்-அண்ட்-பேஸ் என்ற அதிவேக எலக்ட்ரானிக் நடன இசையின் வேகத்தில் தாளம் பறக்கிறது. மேலே ஊதுவாத்தியங்கள் அதற்குச் சம்பந்தமே இல்லாத நிதானத்தில், பாடக்கூடிய ஒரு மெட்டை வாசிக்கின்றன. கால் ஓடுகிறது, தலை அசையாமல் நிற்கிறது. 'தி ஸ்டிக்ஸ்' இதே முறையை இன்னும் கூர்மையாக்கியது, மிஷின் ஒலியை இன்னும் முன்னால் கொண்டுவந்தது.

அந்த இடத்தில் நின்றிருந்தால் எலக்ட்ரானிக்-ஜாஸ் என்ற வகையின் நிரந்தர நட்சத்திரங்களாக இருந்திருப்பார்கள். அடுத்த முறை லேப்டாப்பை மூடிவிட்டார்கள்.

'வாட் வீ மஸ்ட்' தான் இவர்களைப் போஸ்ட்-ராக் என்று அழைக்க வைத்த ஆல்பம். மொத்தம் ஏழு ட்ராக். முதலாவது, 'ஆல் ஐ நோ இஸ் டுநைட்', எனக்கு இந்தக் குழுவின் உயிரான ட்ராக். இதில் கவனிக்க வேண்டியது, வழக்கமான போஸ்ட்-ராக் ட்ராக் மாதிரி ஒரே கோட்டில் ஏறி வெடிப்பதில்லை. மெட்டு ஒன்று வருகிறது, அதை ஒரு வாத்தியம் பிடிக்கிறது, பாதியில் இன்னொன்று வாங்கிக்கொள்கிறது, முதலில் வாசித்தது இப்போது அடியில் இறங்கித் துணை செய்கிறது. ஒலி பெரிதாவது சத்தத்தைக் கூட்டியதால் மட்டும் இல்லை, இன்னும் ஒரு கை வந்து சேர்ந்ததால். ஸ்வீடன் நாட்டு ஞானி ஸ்வீடன்போர்கின் பெயரைத் தாங்கிய 'ஸ்வீடன்போர்கஸ்க ரூம்' ட்ராக்கில் சொற்களில்லாத குரல்களும் ஒரு வாத்தியமாகவே வருகின்றன. கிதார் குழுக்களில் இரண்டு கிதார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் என்று நாலு பேர் இருக்கும்போது உச்சத்துக்குப் போக ஒரே வழிதான் உண்டு: எல்லோரும் சத்தமாக வாசிப்பது. பத்துப் பேர், அதிலும் ஒவ்வொருவரும் இரண்டு மூன்று கருவி தெரிந்தவர்கள் இருந்தால், உச்சத்தை நிறத்தால் கட்டலாம். டிராம்போனும் பாஸ் கிளாரினெட்டும் வைப்ரஃபோனும் சேர்ந்து அதே சுரத்தைப் பிடிக்கும்போது எந்தக் கருவி என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு ஒலி கிடைக்கிறது.

டூபாவின் இடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பேஸ் கிதார் வாசிக்கும் ஈவன் ஓர்மெஸ்டாட் ஏற்கெனவே இருக்கிறார், பிறகு டூபா எதற்கு? பேஸ் கிதாரின் சுரம் தட்டியவுடன் பிறந்து மெல்லத் தேய்ந்துபோகும். டூபா மூச்சில் நிற்கும் சுரம், பிறந்த பிறகும் பெருகலாம். லைன் அந்தச் சுரத்தை விடாமல் பிடித்திருக்கும்போது மொத்தக் குழுவும் தரையிலிருந்து கொஞ்சம் மேலே தூக்கப்பட்டது போல இருக்கும். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால்தான் இது தெரியும், கைபேசி ஸ்பீக்கரில் அந்த அடித்தளமே காணாமல் போய்விடும்.

இதற்குச் சற்று முன்னால் நடந்த ஒரு சின்ன விஷயம் இந்தத் திருப்பத்துக்கு ஒரு சாவி என்று நினைக்கிறேன். 2003இல் ஜாகா ஜாஸிஸ்ட்டின் ஊதுவாத்தியக்காரர்களும் ட்ரான்ட்ஹைம் நகரத்து ராக் குழு மோட்டர்சைக்கோவும் சேர்ந்து 'இன் த ஃபிஷ்டேங்க்' என்ற டச்சு வரிசையில் ஒரு பதிவு போட்டார்கள். அந்த வரிசையின் வழக்கமே, குழுவை ஸ்டூடியோவுக்குள் விட்டு ஓரிரு நாளில் முடிக்கச் சொல்வது. யோசித்து யோசித்து ஒட்டுவதற்கு நேரமில்லை, ஒரே அறையில் நின்று வாசிக்க வேண்டும். நீளமான, முரட்டுத்தனமான, சுதந்திரமான ராக் அது. அதைக் கேட்டுவிட்டு 'வாட் வீ மஸ்ட்' கேட்டால் திருப்பம் அவ்வளவு திடீரென்று நடக்கவில்லை என்று தோன்றும்.

சரி, கிதார் சுவர் கைவந்துவிட்டது. அடுத்தது ஐந்து வருடம் கழித்து, 2010இல், 'ஒன்-ஆர்ம்டு பேண்டிட்'. இந்த முறை கைவிட்டது எளிமையை. சூதாட்ட இயந்திரத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள செல்லப்பெயர்தான் தலைப்பு, கைப்பிடியை இழுத்தால் படங்கள் சுழன்று எங்கேயோ நிற்குமே, அது. இசையும் அப்படித்தான். கிளாரினெட்டுக்கு ஒரு கணக்கு, கீபோர்டுக்கு இன்னொரு கணக்கு, வெவ்வேறு நீளமுள்ள வடிவங்கள் தனித்தனியே சுழல்கின்றன, எப்போதோ ஒரு கணத்தில் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன. அந்தக் கணத்தில் உடம்பு சிலிர்க்கும். 'டொக்காட்டா' என்ற ட்ராக் முழுக்க இந்த விளையாட்டுதான், அமெரிக்க மினிமலிச இசையின் திரும்பத் திரும்ப வரும் துடிப்பை ஊதுவாத்தியங்களுக்கு மாற்றி எழுதியது போல இருக்கும். மறுபடியும் தயாரிப்பாளர் யோர்கன் ட்ரேன். ஆனால் மிக்சிங், அதாவது பதிவான ஒலிகளைச் சமன்படுத்திச் சேர்க்கும் வேலை, செய்தவர் சிகாகோவின் ஜான் மெக்என்டயர், டார்ட்டாய்ஸ் குழுவின் டிரம்மர்களில் ஒருவர். முன்னால் சொன்ன உறவு இதுதான். பத்து வாத்தியம் ஒரே நேரத்தில் வெவ்வேறு கணக்கில் பேசும்போது ஒன்றையொன்று விழுங்காமல் பிரித்து வைப்பது சாதாரண வேலையில்லை. இந்த ஆல்பம் அவ்வளவு நெரிசலிலும் தெளிவாக இருப்பதற்கு அந்தக் காதும் ஒரு காரணம்.

இதன் தொடர்ச்சிதான் 2013இல் வெளிவந்த பிரிட்டன் சின்ஃபோனியாவுடனான நேரடிக் கச்சேரிப் பதிவு. பிரிட்டன் சின்ஃபோனியா இங்கிலாந்தின் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா, அதாவது அளவில் சிறிய ஆர்க்கெஸ்ட்ரா. ராக் குழுவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேரும் பதிவுகள் பெரும்பாலும் எனக்குப் பிடிக்காது, பின்னால் வயலின்களைப் போர்வை மாதிரி விரித்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். இதில் அப்படி இல்லை. ஏற்கெனவே இசை பல குரலில் எழுதப்பட்டிருப்பதால் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் போய் உட்கார இடம் தயாராக இருந்தது. லார்ஸுக்கு இது புதிதும் இல்லை, 2008இல் லாட்வியா தேசிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுடன் 'கலைடாஸ்கோப்பிக்' என்ற தனி ஆல்பத்தையே பதிவு செய்தவர், அரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் ஒரே ட்ராக்.

இடையில் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குழுவின் ஒலி மாறியதற்கு இதுவும் காரணம், குழுவை விட்டுப் போனவர்கள் செய்ததைப் பார்த்தால் உள்ளே என்ன இருந்தது என்பதும் தெரியும். சாக்ஸஃபோன் வாசித்த யோர்கன் முங்கெபி விலகி, ஷைனிங் என்ற தன் சொந்தக் குழுவில் முழுமூச்சாக இறங்கினார். அது இசைக் கல்லூரி மாணவர்களின் அக்கூஸ்டிக் ஜாஸ் குழுவாக ஆரம்பித்து, 2010இல் 'பிளாக்ஜாஸ்' ஆல்பத்தில் மெட்டல் இசையாக வந்து நின்றது. சாக்ஸஃபோன் அலறலும் மெட்டல் கிதாரும் ஒரே நரம்பில் ஓடும் ஆல்பம் அது. ட்ரம்பெட் வாசித்த மத்தியாஸ் ஐக் நேர் எதிர்த் திசையில் போனார். 2008இலிருந்து ஈசிஎம் என்ற ஜெர்மன் இசை நிறுவனத்தில் வரும் அவருடைய ஆல்பங்கள் அமைதியான, பாடுவது போன்ற ஜாஸ். பியானோ வாசித்த மோர்ட்டன் க்வெனில்ட், பாடகி சுசன்னாவுடன் சேர்ந்து, ஒரு குரலும் கொஞ்சம் கீபோர்டும் மட்டும் உள்ள மிக மெலிந்த இசையைச் செய்தார். மெட்டல், ஈசிஎம் ஜாஸ், கிசுகிசுப்பான பாடல், மூன்றும் ஒரே குழுவின் பின்வரிசையிலிருந்து வந்தவை. இத்தனை திசைகளில் இழுக்கக்கூடிய ஆட்களை ஒரே மெட்டுக்குள் கட்டி வைத்திருந்ததுதான் அந்தக் காலத்து ஜாகா ஜாஸிஸ்ட்டின் இறுக்கத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

2015இன் 'ஸ்டார்ஃபயர்' ஐந்தே ட்ராக். லார்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோய்விட்டார். குழு நார்வேயில். எனவே இந்த முறை கைவிட வேண்டியிருந்தது ஒரே அறையில் கூடி வாசிப்பதை. நேரம் எடுத்துக்கொண்டு, ஸ்டூடியோவில் அடுக்கடுக்காகச் சேர்த்த ஆல்பம், பழைய சிந்தசைஸர்கள் முன்னுக்கு வந்தன. நேர்மையாகச் சொன்னால் எனக்கு இது முழுதாக ஒட்டவில்லை. ஒவ்வொரு ட்ராக்கும் நாலைந்து நல்ல யோசனைகளை வைத்திருக்கிறது, ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது காரில் பயணிக்கிற உணர்வுதான் வருகிறது, ஒரே அறையில் யாரோ வாசித்துக்கொண்டே இன்னொருவரைத் திரும்பிப் பார்க்கிற உணர்வு இல்லை. தலைப்பு ட்ராக்கும் 'ஓபன்' ட்ராக்கும் விதிவிலக்கு, இரண்டாவதை நார்வே டிஸ்கோ கலைஞர் டாட் டெர்யே ரீமிக்ஸ் செய்ததும் கேட்க வேண்டியது.

2020இன் 'பிரமிட்' அதற்குப் பதில் சொல்வது போல வந்தது. ஸ்வீடனில் காட்டுக்குள் ஒதுங்கிய ஒரு ஸ்டூடியோ, எட்டுப் பேர், இரண்டு வாரத்தில் முடித்தாக வேண்டும் என்ற கெடு, தயாரிப்பையும் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். வெளியிட்டது அமெரிக்க இசைக்கலைஞர் ஃப்ளையிங் லோட்டஸின் பிரெயின்ஃபீடர், லாஸ் ஏஞ்சலஸின் ஜாஸும் ஹிப்ஹாப்பும் எலக்ட்ரானிக்கும் கலந்த நிறுவனம். மொத்தம் நாலு ட்ராக், சுமார் நாற்பது நிமிடம். முதல் ட்ராக் 'டொமிட்டா', பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியைச் சிந்தசைஸரில் வாசித்துக் காட்டிய ஜப்பானிய மேதை இசாவோ டொமிட்டாவுக்கு வணக்கம். அதே பெயர் வைத்து அதே ஒலியை நகலெடுக்கவில்லை, அந்த மாதிரி விரிந்த ஒலிக்குள் மெல்ல மெல்ல ஊதுவாத்தியங்களை இறக்குகிறார்கள். மூன்றாவது 'தி ஷ்ரைன்', ஆஃப்ரோபீட் என்ற ஆப்பிரிக்க இசை வகையை உருவாக்கிய நைஜீரியக் கலைஞர் ஃபேலா குட்டி லாகோஸில் நடத்திய கூடத்தின் பெயர். அங்கேயும் ஆஃப்ரோபீட்டை அப்படியே எடுத்துப் போடவில்லை. ஆஃப்ரோபீட்டின் பொறுமையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அதாவது ஒரு வட்டத்தை அவசரப்படாமல் சுற்றவிட்டு, ஊதுவாத்தியங்களைக் காத்திருக்க வைத்து, வேண்டிய நேரத்தில் மட்டும் உள்ளே விடுவது. 2010இல் நிமிடத்துக்கு நாலு திருப்பம் வைத்தவர்கள் இப்போது ஒரே யோசனையோடு பல நிமிடம் இருக்கிறார்கள். இந்த முறை கைவிட்டது தங்கள் கெட்டிக்காரத்தனத்தைத்தான், அது எல்லாவற்றிலும் கஷ்டமானது.

இத்தனை மாற்றத்திலும் மாறாதது ஒன்று உண்டு, அதுதான் எந்த வகைப் பெயரையும் விட இந்தக் குழுவை அடையாளம் காட்டுகிறது: மெட்டு. 2001இன் 'அனிமல் சின்' ஆகட்டும், 2005இன் கிதார் சுவர் ஆகட்டும், 2020இன் நீண்ட வட்டங்கள் ஆகட்டும், வாயால் முணுமுணுக்க முடியாத ட்ராக் இவர்களிடம் அபூர்வம். சோலோவும் குறைவு. ஜாஸ் குழு என்ற பெயர் இருந்தும், ஒருவர் முன்னால் வந்து நீளமாக வாசிக்க மற்றவர்கள் காத்திருக்கும் முறையை இவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளவில்லை. எழுதிய மெட்டைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோவதுதான் வேலை. அடியில் ஓடுவது டிரம்-அண்ட்-பேஸா, ராக்கா, ஆஃப்ரோபீட்டா என்பது மாறலாம், மேலே அந்தக் கைமாற்றம் இருக்கும்வரை அது இவர்களுடைய இசை.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் வருட வரிசையில் போக வேண்டாம். முதலில் 'ஆல் ஐ நோ இஸ் டுநைட்', அது பிடித்தால் 'டொக்காட்டா', பிறகு 'அனிமல் சின்', கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு 'டொமிட்டா'. நாலிலும் டூபா எங்கே நுழைகிறது என்று மட்டும் காது கொடுத்துப் பாருங்கள், மற்றதெல்லாம் தானாகத் திறக்கும்.